சூழல் கருத்தரங்குக்கு முதன்முறை போகிறவர்களுக்கு: கொங்கு நாட்டிலிருந்து ஒரு வழிகாட்டி

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் தை பிறந்துவிட்டால் கருத்தரங்குக் காலம் தொடங்கிவிடும். நிதியாண்டு முடிவதற்குள் ஒதுக்கிய தொகையைச் செலவிட வேண்டும் என்பதால், ஜனவரி முதல் மார்ச் வரை ஏதாவது ஒரு கல்லூரி அரங்கில் ‘நிலைத்த வளர்ச்சி’, ‘நீர் மேலாண்மை’, ‘மனிதனும் சூழலும்’ என்று பதாகை தொங்கிக்கொண்டிருக்கும். பொறியாளர், கட்டடக் கலைஞர், நகரமைப்பு படித்தவர், பனியன் கம்பெனியில் கழிவுநீர்ப் பிரிவைக் கவனிப்பவர், வேளாண் பட்டதாரி, ஊராட்சியில் வேலை பார்ப்பவர் என்று பலரும் இவற்றுக்கு முதன்முறையாகப் போகிறார்கள். சான்றிதழ் வாங்குவதற்கு வழிகாட்டி எதுவும் தேவையில்லை. நாம் வாழும் ஊரின் தண்ணீருக்கும் மண்ணுக்கும் உதவும்படி ஒரு கருத்தரங்கை எப்படிப் பயன்படுத்துவது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு இடம், பிறகுதான் தலைப்பு

புதியவர்கள் பெரும்பாலும் தலைப்பிலிருந்து தொடங்குகிறார்கள். ‘காலநிலை மாற்றமும் சமூகங்களும்’ என்று எழுதிவிட்டு, அதற்குள் எதை வைப்பது என்று தேடுகிறார்கள். அது பலன் தராத வழி. ஒரு குளம், ஒரு மதகு, ஒரு மேய்ச்சல் நிலம், ஒரு தெரு என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்ட ஓரிடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். அரங்கில் இருக்கும் பேராசிரியருக்குக் கோட்பாடு உங்களைவிட நன்றாகத் தெரியும். ஆனால் உங்கள் ஊர் மதகில் எந்த மாதம் தண்ணீர் வருகிறது, யார் திறக்கிறார்கள், யார் வயலுக்கு எட்டுவதில்லை என்பது உங்களுக்குத்தான் தெரியும். அந்த அறிவோடு போகிறவரை அரங்கம் கவனித்துக் கேட்கும்.

கொங்கு நாட்டில் இதற்குப் பஞ்சமே இல்லை. கீழ்பவானி வாய்க்காலை எடுத்துக்கொள்ளுங்கள். பவானிசாகர் அணை 1955-இல் கட்டி முடிக்கப்பட்டது. அங்கிருந்து புறப்படும் வாய்க்கால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடி 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாசனம் தருகிறது. ஒற்றைப்படை மதகுகளுக்கு ஒரு பருவம், இரட்டைப்படை மதகுகளுக்கு அடுத்த பருவம் என்று முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். மண் வாய்க்காலின் கரைகளைக் கான்கிரீட் கொண்டு பலப்படுத்தும் திட்டம் வந்தபோது ஈரோடு மாவட்டத்து விவசாயிகள் இரண்டு தரப்பாகப் பிரிந்து நின்றார்கள். கடைமடைக்காரர்களுக்கு, அதாவது வாய்க்காலின் கடைசிப் பகுதியில் இருப்பவர்களுக்கு, தண்ணீர் கசியாமல் வந்து சேர வேண்டும். வாய்க்காலை ஒட்டியிருப்பவர்களுக்கு அந்தக் கசிவுநீர்தான் கிணற்றில் ஊறுகிறது, தென்னையைக் காக்கிறது, குடிநீராகிறது. பொறியியல் கணக்கில் ‘இழப்பு’ என்று எழுதப்படும் தண்ணீர் இன்னொருவருடைய பாசனமாக இருக்கிறது. மனிதனுக்கும் சூழலுக்கும் உள்ள உறவு என்று உலகம் முழுவதும் பேசப்படும் விஷயத்துக்கு இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

திருப்பூரும் அப்படித்தான். நொய்யலில் கலந்த சாயக்கழிவு தொடர்பான வழக்கில், கழிவைத் துளியும் வெளியேற்றாத நிலையை எட்டும்வரை சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. அதன் பிறகு சாயக்கழிவைச் சுத்திகரித்து, சவ்வூடு வடிகட்டித் தண்ணீரை மீட்டு, எஞ்சிய உப்புக்கரைசலைக் கொதிக்கவைத்து உப்பைப் பிரித்து மீண்டும் சாயத்தொட்டிக்கே கொண்டுபோகும் முறை வந்தது. இதற்கு ஆகும் மின்சாரமும் எரிபொருளும் எவ்வளவு? மீண்டும் பயன்படுத்த முடியாத கலப்பு உப்பு எங்கே குவிகிறது? ஆற்றோரத்துக் கிணறுகள் இப்போது எப்படி இருக்கின்றன? ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் இளைஞர் இந்தக் கேள்விகளில் ஒன்றை நேர்மையாக எடுத்துக்கொண்டால், அவருடைய பத்து நிமிடப் பேச்சைக் கேட்க வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வருவார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது கொறங்காடு. காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கம் மழை குறைந்த நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் சேர்ந்து நிற்க, சுற்றிலும் முள்கிளுவை வேலி போட்டு மாடும் ஆடும் மேய்க்கும் நிலம் அது. காங்கயம் மாடு இந்தப் புல்லில் வளர்ந்த இனம். தனியார் நிலமாக இருந்தும், புல்லுக்கு ஓய்வு கொடுத்து மாற்றி மாற்றி மேய்க்கும் ஒழுங்கு தலைமுறைகளாகத் தொடர்கிறது. வறண்ட நிலத்தில் மனிதர்கள் சூழலோடு சேர்ந்து வாழ்வதற்கான வழியை உலகம் தேடிக்கொண்டிருக்கும்போது, நம் பக்கத்திலேயே அது இருக்கிறது. இதை எழுதிப் பதிவு செய்கிறவர்கள் இன்னும் நிறையத் தேவை.

எந்தக் கூட்டத்துக்குப் போவது

இத்துறையின் கூட்டங்கள் பல குடும்பங்களாகப் பிரிந்திருக்கின்றன. உங்கள் கேள்வி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் குறையும்.

கட்டடம், தெரு, பூங்கா, குடியிருப்பு ஆகியவை மனிதர்களை எப்படி மாற்றுகின்றன என்று ஆராய்கிறவர்களுக்கு அமெரிக்காவில் 1968 முதல் சுற்றுச்சூழல் வடிவமைப்பு ஆய்வுச் சங்கம் இருக்கிறது. ஐரோப்பாவில் 1981-இல் தொடங்கிய மக்கள்–சூழல் ஆய்வுகளுக்கான பன்னாட்டுச் சங்கம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடுகிறது. குளம், காடு, மேய்ச்சல் நிலம் போன்ற பொதுவளங்களைப் பற்றிப் பேச இன்னொரு பன்னாட்டுச் சங்கம் உண்டு. அதன் மாநாடு 2011-இல் ஐதராபாத்தில் நடந்தது. பொதுவளத்தைப் பயன்படுத்துகிறவர்களே விதி வகுத்துக் காப்பாற்ற முடியும் என்று காட்டி 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரமின் வழியில் வந்தவர்கள் அங்கே கூடுகிறார்கள். வாய்க்கால் சங்கங்களைப் பற்றி எழுத நினைப்பவருக்கு அதுவே சரியான வாசல். இந்தியாவுக்குள் 1999-இல் தொடங்கப்பட்ட சூழலியல் பொருளாதாரச் சங்கம் இருக்கிறது. காட்டுயிர்ப் பாதுகாப்புப் பணி என்றால் பெங்களூரில் மாணவர்களுக்காக ஆண்டுதோறும் நடக்கும் காப்பு அறிவியல் மாநாடு நல்ல தொடக்கம். கோவையிலிருந்து இரவு ரயிலில் ஏறினால் காலையில் போய்விடலாம்.

ஆனால் முதல் கூட்டம் உள்ளூரிலேயே இருக்கட்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனம், ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையம் ஆகிய இடங்களில் நடக்கும் கருத்தரங்குகளில் பார்வையாளராக உட்கார்ந்து கேளுங்கள். ஜூலையில் கொடிசியா வளாகத்தில் நடக்கும் வேளாண் கண்காட்சியையும் சுற்றிப் பாருங்கள். சொட்டுநீர்க் கருவி விற்பவரிடம் விவசாயிகள் என்ன கேட்கிறார்கள் என்பதைக் கவனித்தாலே பல ஆய்வுக் கேள்விகள் கிடைக்கும். ஓசை, சிறுதுளி, வனத்துக்குள் திருப்பூர் போன்ற அமைப்புகளின் குளச் சீரமைப்பு, மரம் நடும் பணிகளில் ஒரு நாளாவது சேர்ந்து வேலை செய்துவிட்டு அரங்கத்துக்குப் போங்கள். அங்கே பேசப்படும் ஒவ்வொரு சொல்லுக்கும் எடை கூடியிருப்பதை உணர்வீர்கள்.

பணம் பிடுங்கும் போலி மாநாடுகள் குறித்து ஓர் எச்சரிக்கை. ‘பன்னாட்டு’ என்ற பெயரோடு, மருத்துவம் முதல் மண்ணியல்வரை எல்லாத் துறைக்கும் ஒரே நாளில் ஒரே ஓட்டலில் இடம் தருவதாக மின்னஞ்சல் வந்தால் விலகிவிடுங்கள். ஆய்வுச் சுருக்கம் அனுப்பிய மறுநாளே ‘ஏற்கப்பட்டது’ என்று பதில் வந்து, அடுத்த வரியில் வங்கிக் கணக்கு எண் இருந்தால், அதை யாரும் படித்துப் பார்க்கவில்லை என்று பொருள். ஏற்பாட்டுக் குழுவில் பெயர் போட்டிருக்கும் ஒருவருக்கு அவருடைய நிறுவன முகவரியில் எழுதிக் கேளுங்கள். பெயர் பயன்படுத்தப்படுவதே தெரியாத பேராசிரியர்கள் இருக்கிறார்கள்.

சுருக்கம் எழுதுவது

பெரும்பாலான மாநாடுகள் 250 அல்லது 300 சொற்களில் ஆய்வுச் சுருக்கம் கேட்கும். நடுவர் ஒருவர் ஒரே மாலையில் பலவற்றைப் படிப்பார் என்பதை நினைவில் வையுங்கள். முதல் வரியிலேயே இடமும் சிக்கலும் இருக்க வேண்டும். ‘நீர் உயிர்களின் ஆதாரம்’ என்று தொடங்கும் சுருக்கத்தை அவர் அடுத்த வரிக்குக் கொண்டுபோக மாட்டார். ‘கீழ்பவானி வாய்க்காலின் கசிவுநீரை நம்பியிருக்கும் கிணறுகளில் கோடையில் நீர்மட்டம் எப்படி மாறுகிறது என்பதை, ஒரு கிளை வாய்க்காலின் தலைமடையிலும் கடைமடையிலும் ஒப்பிட்டுப் பார்த்தோம்’ என்று தொடங்கினால் நிமிர்ந்து உட்காருவார்.

பிறகு எப்படிப் பார்த்தீர்கள், எத்தனை கிணறு, எத்தனை மாதம், யாரிடம் பேசினீர்கள் என்று சொல்லுங்கள். அதன் பின் கண்டது என்ன. கடைசியில், இதனால் வேறு ஊரில் இருப்பவருக்கு என்ன பயன் என்று ஒரே வரி. முடிவு இன்னும் கிடைக்கவில்லையென்றால் ‘விவாதிக்கப்படும்’ என்று பூசி மெழுகாதீர்கள். இதுவரை கண்டதை மட்டும் எழுதுங்கள். பெரிய சொற்களைக் குறைத்து, ஊர்ப் பெயர், பருவம், பயிர், அளவு ஆகியவற்றைக் கூட்டுங்கள். ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தாலும் முதலில் தமிழில் எழுதிப் பாருங்கள். தமிழில் தெளிவாக வராத கருத்து ஆங்கிலத்தில் தெளிந்துவிடாது.

அளவைகளில் கவனம் வேண்டும். நமக்கு டிஎம்சி என்றால் போதும். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அது புரியாது. ஒரு டிஎம்சி என்பது ஏறக்குறைய 2,832 கோடி லிட்டர். 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டம், காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானி ஆற்றில் ஓடும் உபரிநீரில் 1.5 டிஎம்சியை எடுத்து 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகிறது. வகுத்துப் பார்த்தால் சராசரியாக ஒன்றுக்கு 4 கோடி லிட்டர் வரும். ஆனால் பட்டியலில் பெரிய ஏரியும் இருக்கிறது, ஊர்க்கோடிக் குட்டையும் இருக்கிறது. ஆகவே அந்தச் சராசரி எந்தக் குளத்தின் உண்மையையும் சொல்லாது. உங்கள் ஊர்க் குட்டையில் எவ்வளவு வந்தது, எத்தனை நாள் நின்றது என்று அளந்து சொல்வதுதான் ஆய்வு.

அனுமதியும் ஒப்புதலும்

இதைப் பலர் கடைசியில் யோசிக்கிறார்கள். முதலிலேயே முடிக்க வேண்டிய வேலை இது. சத்தியமங்கலம், ஆனைமலைப் புலிகள் காப்பகங்களுக்குள் ஆய்வு செய்ய வனத்துறையின் முன் அனுமதி வேண்டும். அது கிடைக்க மாதங்கள் ஆகலாம். பழங்குடிக் கிராமங்களில் தகவல் சேகரிக்கும்போது ஊர்ப் பெரியவர்களிடம் விளக்கிச் சொல்லி ஒப்புதல் பெறுங்கள். விவசாயியின் கிணற்று நீரைச் சோதித்தால், அதன் முடிவை மாநாட்டில் காட்டுவதற்கு முன் அவரிடம் காட்டுங்கள். உப்பு மிகுந்த கிணறு என்று பெயரோடு திரையில் போட்டால் அவருடைய நிலத்தின் விலை விழும். பெயரையும் புல எண்ணையும் மறைத்துவிடுங்கள். புகைப்படத்துக்கும் கேட்டுக்கொண்டு எடுங்கள். நமக்குத் தகவல் தந்தவர்கள் நம்மை நம்பித் தந்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கை ஒருமுறை உடைந்தால், அடுத்து அந்த ஊருக்குப் போகிற மாணவருக்கும் கதவு திறக்காது.

பணமும் நாளும்

முன்பதிவுக் கட்டணம், மாணவர் கட்டணம், உள்ளூர்க் கட்டணம் எல்லாம் வேறு வேறு. கட்டணத் தள்ளுபடி உண்டா என்று ஏற்பாட்டாளரிடம் கேட்கத் தயங்காதீர்கள். அறிவிப்பில் இல்லாவிட்டாலும் பல இடங்களில் தருகிறார்கள். நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் பணி நாளாகக் கணக்கிடும்படி முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். அவ்வளவுதான்.

மேடையில்

பெரும்பாலும் 12 முதல் 15 நிமிடம் பேச்சு, பிறகு சில நிமிடம் கேள்வி. முதல் படம் வரைபடமாக இருக்கட்டும்: தமிழ்நாடு எங்கே, பாலக்காட்டுக் கணவாய் எங்கே, உங்கள் ஊர் எங்கே. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல் கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் சேரும் பாதையைக் காட்டிவிட்டுப் பேசத் தொடங்கினால், மீதி எல்லாம் தானாகப் புரியும். படங்களைக் குறைவாக வைத்துக்கொண்டு, எழுத்து பின் வரிசைக்கும் தெரியும்படி செய்யுங்கள். ஆய்வை மேடையில் பேசாமல் சுவரொட்டியாக வைக்கிறவர்கள் பெரும்பாலும் ஏ0 அளவில், அதாவது ஏறக்குறைய 84க்கு 119 சென்டிமீட்டரில் அச்சடிக்க வேண்டியிருக்கும். நிற்கவைப்பதா கிடத்துவதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். புதியவர்களுக்கு நான் சுவரொட்டியைத்தான் பரிந்துரைப்பேன். மேடையில் கேள்வி கேட்கத் தயங்குகிறவர்கள் சுவரொட்டி முன் நின்று அரை மணி நேரம் பேசுவார்கள்.

ஆங்கிலம் தடையாக இருந்தால், தமிழில் பேச அனுமதி உண்டா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். உள்ளூர்க் கருத்தரங்குகளில் இதற்கு மறுப்புச் சொல்வது குறைவு. விவசாயியையோ சாயப்பட்டறைத் தொழிலாளியையோ பற்றிய அமர்வில் அவர்களே உட்கார்ந்திருந்தால் மொழி கட்டாயம் தமிழாக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஏற்பாட்டுக் குழுவில் இடம் கிடைத்தால் முதலில் அதற்காகப் பேசுங்கள். நாளையும் பார்த்து வையுங்கள்: ஆகஸ்ட் நடுவில் கீழ்பவானியில் தண்ணீர் திறக்கும் சமயம் நாற்றங்கால் வேலை இருக்கும், அப்போது அழைத்தால் அந்தப் பக்கத்து விவசாயி எப்படி வருவார்?

கேட்பதும் பழகுவதும்

ஒரே நேரத்தில் பல அமர்வுகள் நடக்கும். எல்லாவற்றையும் பிடிக்க ஓடாமல், உங்கள் கேள்விக்கு நெருங்கியதில் ஒன்றும் முற்றிலும் அந்நியமானதில் ஒன்றுமாகத் தேர்ந்தெடுங்கள். வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் யானை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியாலும் உள்ளூர் தொலைக்காட்சி வரிகளாலும் சிவப்பு விளக்குகளாலும் மக்களுக்கு முன்கூட்டித் தெரிவிக்கும் ஏற்பாட்டைப் பற்றிக் கேட்டால், குளத்து மதகு திறப்பை ஊருக்குச் சொல்லவும் அதே வழி உதவுமே என்று தோன்றும். இப்படி ஒரு துறையின் விடை இன்னொரு துறைக்குக் கைகொடுப்பதைக் காணத்தான் ஒரே கூரையின் கீழ் கூடுகிறோம்.

கேள்வி கேட்கும்போது உங்கள் பெயர், ஊர், பிறகு ஒரே கேள்வி. சொற்பொழிவு வேண்டாம். தேநீர் இடைவேளையில் பெரியவர்களிடம் போய், ‘ஐயா, உங்கள் பேச்சில் கடைமடைப் பகுதியைப் பற்றிச் சொன்னீர்களே, அந்த அளவீட்டை எப்படி எடுத்தீர்கள்?’ என்று குறிப்பாகக் கேளுங்கள். கவனித்துக் கேட்டவரை யாரும் மறப்பதில்லை. உங்களைப் போலப் புதிதாக வந்திருப்பவர்களிடமும் பேசுங்கள்; அடுத்த பத்து ஆண்டுகள் உங்களோடு வேலை செய்யப்போகிறவர்கள் அவர்கள்தான்.

களப்பயணத்தைத் தவறவிடாதீர்கள்

மாநாட்டின் கடைசி நாளில் களப்பயணம் இருந்தால் ரயிலைத் தள்ளிப்போட்டாவது போங்கள். பாசனத்துக்காகக் கட்டப்பட்டுச் சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணை, 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காலிங்கராயன் வாய்க்கால், பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2024-இல் சேர்ந்த திருப்பூர் நஞ்சராயன் குளம், 2006-இல் சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை வாங்கிய ஓடந்துறை ஊராட்சி ஆகியவை நம் பக்கத்தில் வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டிய இடங்கள். நீங்கள் உள்ளூர்க்காரராக இருந்தால் ஏற்பாட்டாளரிடம் இவற்றைச் சொல்லிச் சேர்க்கவையுங்கள்.

தொப்பி, தண்ணீர், நடக்க வசதியான செருப்பு. பேருந்திலிருந்து இறங்கியதும் படம் எடுப்பதை நிறுத்திவிட்டு அங்கே வசிப்பவரிடம் பேசுங்கள். ‘முப்பது வருடத்துக்கு முன் இங்கே என்ன பயிர் வைத்தீர்கள்?’ என்ற ஒரு கேள்வி போதும். கிணற்றின் ஆழம், கூலி, மாட்டின் எண்ணிக்கை, பிள்ளைகள் போன வேலை என்று எல்லாம் அதிலேயே வந்துவிடும். மதிய உணவை ஊர்க்காரர்களோடு சேர்ந்து சாப்பிடும்படி திட்டமிடச் சொல்லுங்கள்.

திரும்பி வந்தபின்

ஒரு வாரத்துக்குள் சந்தித்தவர்களுக்கு இரண்டு வரி எழுதுங்கள். என்ன பேசினீர்கள் என்பதைக் குறிப்பிட்டு, தருவதாகச் சொன்ன தரவையோ வரைபடத்தையோ இணைத்து அனுப்புங்கள். அதன் பிறகு உங்கள் ஆய்வை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி, தகவல் தந்த ஊருக்குக் கொண்டுபோங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராமசபை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் குளம், வாய்க்கால் பற்றிய செய்திக்கு அது பொருத்தமான நாள். ஊராட்சி அலுவலகத்தில் முன்கூட்டிச் சொல்லிப் பத்து நிமிடம் வாங்குங்கள். எண்களைப் பெரிய எழுத்தில் அச்சடித்து ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட ஒரு படி, பள்ளிக்கூடத்துக்கு ஒரு படி. யாராவது ‘எங்கள் கிணற்றில் அப்படி இல்லையே’ என்று எழுந்தால், அந்தக் கிணறு எங்கே இருக்கிறது என்று கேட்டு அன்றைக்கே போய் அளந்துவிட்டு வாருங்கள்.